ஒட்டுக்குக் கீழே

டயானாவின் ஆறு வருஷத்து உழைப்பு ஒரு சப்போட்டா இலையிடம் வந்து மாட்டிக்கொண்டது. வெள்ளத்தில் போச்சு, தீயில் போச்சு என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். சப்போட்டா இலையால் போச்சு என்று யாரிடம் சொல்வது?

அடையாறில் அவள் வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் முதல் மாடியில் அன்று ஆய்வுக்குழு கூடியிருந்தது. குழு என்றால் பெரிய கூட்டமொன்றும் இல்லை. டயானாவின் வழிகாட்டி முத்துலட்சுமி மேடம், வெளியிலிருந்து வரும் உறுப்பினர் பேராசிரியர் கங்காதரன், கையெழுத்துப் போடுவதற்கென்றே வந்திருந்த இன்னொருவர். அவர் பேர் நமக்கு வேண்டாம், அவரும் வாயைத் திறக்கப்போவதில்லை. எதிர்ச் சுவரில் டயானா வரைந்த கிளைப்படம் வெளிச்சமாக விழுந்திருந்தது. அது பாலை மரத்தின் வம்சாவளி.

பாலை மரத்தைத் தெரியாதவர்கள்கூட அதன் பழத்தைத் தின்றிருப்பார்கள். கோடையில் மயிலாப்பூர் குளத்தோரம் கூறு கட்டி விற்பார்களே, சின்னதாக, மஞ்சளாக, இரண்டு தின்றதும் உதடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், அந்தப் பாலைப்பழம். இந்தக் கடற்கரை நெடுக இருப்பது ஒரே பாலைதான் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மணல்மேட்டில் இருபத்துமூன்று மரங்கள் நிற்கின்றன. ஆளுயரத்துக்கு மேல் வளராது. இலை நுனி, யாரோ கடித்துத் துப்பினதுபோல் பிளந்திருக்கும். மற்ற பாலையெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு இவை தனியாகப் பூக்கும். உப்புக் காற்றில் குன்றிப்போன பாலை, வேறொன்றுமில்லை என்று புத்தகங்கள் அதையும் ஒரே வரியில் முடித்துவிட்டன.

குன்றிப்போனதில்லை, அது வேறு இனம் என்பது டயானாவின் கட்சி. வேதாரண்யத்திலிருந்து நெல்லூர் வரை அலைந்து நூற்றெண்பது மரங்களின் இலையை எடுத்து மரபணுவைப் படித்தாள். ஊர்ப் பாலையெல்லாம் கிளைப்படத்தின் ஒரு பக்கம் போய் நின்றன. மணல்மேட்டு மரங்கள் இருபத்துமூன்றும் மறுபக்கம் நின்றன. மேட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஊர்ப் பாலை இருக்கிறது. ஒரே காற்று, ஒரே தேனீ. அப்படியிருந்தும் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் கலந்ததற்கு ஒரு தடயம்கூடக் கிடைக்கவில்லை. இதைவிட எல்லைக்கோடு வேறென்ன வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கங்காதரன் லேசர் குச்சியின் சிவப்புப் புள்ளியைக் கிளைப்படத்தில் ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன, எஸ் ஒண்ணு?"

"சப்போட்டா, சார்."

ஒரு குடும்பத்துக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்று பார்க்கவேண்டுமென்றால், வெளியாள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி அளப்பது இந்தத் தொழிலின் வழக்கம். பாலைக்குச் சப்போட்டா தூரத்துச் சொந்தம், சீமையிலிருந்து வந்தது. அது கிளைப்படத்தின் அடியில் தனியாக, யாரோடும் ஒட்டாமல் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை.

"அது ஏன் உங்க மணல்மேட்டு மரங்க பக்கம் போய் உட்கார்ந்திருக்கு?"

"தெரியல சார். நேத்து சாயங்காலம்தான் ரிசல்ட் வந்தது. மறைக்கக் கூடாதுன்னு அப்படியே போட்டிருக்கேன்."

"நல்லது. இலையைப் பறிச்சது யாரு?"

"எங்க அம்மா."

"அவங்களும் ஆராய்ச்சியில இருக்காங்களா?"

"இல்ல சார். அபிராமபுரத்துல மீன் விக்கிறாங்க. அங்க ஒரு வீட்டு மரத்துல பறிச்சுக் குடுத்தாங்க."

கையெழுத்துக்காரர் சிரித்தார். கங்காதரன் சிரிக்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் டயானாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கலாம். அவரோ விதிக்காரர். நாற்பது வருஷமாக யாரிடமும் சலுகை கேட்டதில்லை, யாருக்கும் கொடுத்ததுமில்லை.

"சாட்சிக் கிளை எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"மீன்காரம்மா கொண்டுவந்த இலை. அது எந்த மரம்னு காட்ட ஒரு கிளைகூட இல்லை. ஒரு பை மாறியிருந்தா, மிச்சம் எத்தனை பை மாறியிருக்கும்னு நான் எப்படி நம்பறது?"

அவர் அதோடு விடவில்லை. இருபத்துமூன்று மரமும் ஒரே மேட்டில் நிற்கின்றன, அப்படியானால் அது ஒரு குடும்பமாக இருக்கலாம், இனம் என்று எப்படிச் சொல்வது, இன்னொரு இடத்திலிருந்து இதே மரத்தைக் காட்டினால் பேசலாம் என்றார். இன்னொரு இடம் ஒரு காலத்தில் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வெள்ளைக்கார சர்ஜன் ஒருவர் சாந்தோம் மணலில் பறித்து ஒட்டிவைத்த தாள் ஒன்று கீழே அலமாரியில் இருக்கிறது. பிளந்த நுனி, சந்தேகமே இல்லை. ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பூசிய விஷத்தில் மரபணுவெல்லாம் நொறுங்கிப்போயிருந்தது. சாந்தோம் மணலிலோ இன்று ஒரு பாலையும் இல்லை, மணலே பாதி இல்லை.

"ரெண்டு மாசம்," என்றார் கங்காதரன். "அதுக்குள்ள இந்தக் குழப்பத்தைத் தீர்க்கணும், இன்னொரு இடத்தையும் காட்டணும். முடியலன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடுங்க. மத்ததை வெச்சு பட்டம் வாங்கிக்கலாம்."

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மரங்களின் ஜாபிதா, வெறும் பட்டியல். அது போனாலும் போகட்டும், பை மாற்றுகிறவள் என்ற பேர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இந்தத் துறையில் யார் அவளை உள்ளே விடுவார்கள்? கூட்டம் முடிந்ததும் முத்துலட்சுமி மேடம் அவள் தோளைத் தொட்டார்.

டயானா அழவில்லை. அழுவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அம்மா கொடுத்த பை இன்னும் மேசை இழுப்பறையில் இருந்தது. புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் வருமே, அதே மணிகளைப் போட்ட பை. அதற்குள் விரல்நகம் அளவுக்குக் கிழித்த இலைத் துண்டுகள். துண்டைப் பார்த்து எந்த மரம் என்று சொல்ல ஆண்டவனாலும் ஆகாது. மிச்சத் துண்டுகளை எடுத்து, புதிதாகக் கழுவிய உரலில் அரைத்து, மரபணுவைப் பிரித்து, இரண்டு பாலையையும் அடையாளம் காட்டும் ஒரு பகுதியை மட்டும் படிக்க அனுப்பினாள். நான்கு நாளில் பதில் வந்தது. அதே பதில். மணல்மேட்டுப் பாலை.

ஆக, ஆய்வுக்கூடத்தில் தவறு நடக்கவில்லை. பைக்குள் இருந்த இலையே மணல்மேட்டு இலைதான். மரக்காணத்து இலை அபிராமபுரத்துச் சப்போட்டாவில் எப்படி முளைக்கும்?

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இலை எடுக்கும்போது அதே மரத்திலிருந்து ஒரு கிளையையும் வெட்டிப் பாடம் செய்து வைக்கவேண்டும், நாளைக்கு யார் கேட்டாலும் அந்தக் கிளைதான் சாட்சி. இதைச் செய்யாத ஜூனியர்களை அவள் அறை அதிரக் கத்தியிருக்கிறாள். சப்போட்டாவுக்கு மட்டும் செய்யவில்லை. சப்போட்டாவை யாருக்குத் தெரியாது என்ற நினைப்பு. வேறு எவரும் செய்யமுடியாத தப்பு இது, நூற்றெண்பது மரத்துக்குச் சாட்சி வைத்த திமிரில் நூற்றெண்பத்தோராவது மரத்துக்கு விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பட்டினப்பாக்கம் வீட்டுக்குப் போனபோது அம்மா தேசம்மா வாசல் குழாயடியில் அலுமினிய அன்னக்கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அவளுடைய வியாபாரம் அபிராமபுரம், மந்தைவெளித் தெருக்களில்தான். எந்த வீட்டில் சங்கரா கேட்பார்கள், எந்த வீட்டில் நெத்திலியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"ம்மா, அன்னிக்கு சப்போட்டா இலை குடுத்தியே, எந்த மரத்துல பறிச்ச?"

"சகினாம்மா ஊட்ல. ஏன்?"

"சப்போட்டா மரம்தானே அது?"

"இன்னாடி கேள்வி இது? வருசா வருசம் அந்த மரத்துப் பழத்த நீ துன்னுகினு கீற. சப்போட்டா இல்லாம இன்னா, புளியமரமா?"

"கோவிச்சிக்காத. எந்தக் கிளையில பறிச்ச, அத்த மட்டும் சொல்லு."

தேசம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நீ இன்னா சொன்ன? இளசா பார்த்துப் பறி, முத்துனது வேணாம், பால் ஜாஸ்தின்னு சொன்னியா இல்லியா? மேல கெளையெல்லாம் எட்டல. கீழ வேராண்ட புச்சா தளதளன்னு கொப்பு உட்டுகினு இருந்துச்சு. நான் ஒக்காந்து மீன் கழுவுற எடம் அது. ஒக்காந்த வாக்குல பிச்சேன். நீ சொன்ன மேரியே கிழிச்சிப் பையில போட்டேன். இன்னா தப்பு?"

டயானா தோள்பையைக் கீழே போட்டாள்.

"வேராண்டயா?"

"ஆமா. மரத்துல ஒரு மொழி கீது பாரு, அத்துக்குக் கீழ."

சப்போட்டா நட்ட வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. சப்போட்டா ஒட்டுச்செடி. விதை போட்டு வளர்த்தால் காய்க்க எத்தனையோ வருஷம் ஆகும். அதனால் வேறொரு கன்றை வேருக்கு வைத்து, அதன்மேல் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவார்கள். ஒட்டின இடம் மொழிபோல் புடைத்து நிற்கும். மேலே சப்போட்டா, கீழே வேர் வேறு மரம். தமிழ்நாட்டில் அந்த வேருக்குத் தோட்டக்காரர்கள் காலங்காலமாக வைப்பது பாலைக் கன்றை. டயானாவே தன் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயத்தில் பாலையின் பயன்கள் என்ற தலைப்பில் இதை ஒரு வரி எழுதியிருந்தாள். எழுதியதோடு சரி, மறந்துபோனாள்.

"ம்மா," என்றாள், அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு. "நீ சப்போட்டா இலை பறிக்கலம்மா. பாலை இலை பறிச்சிருக்க. சாந்தோம் பாலை. செத்துப்போச்சுன்னு நெனச்சுகினு இருந்த மரம். அது சப்போட்டாவுக்கு அடியில உயிரோட கீது!"

"கைய உடு, மீன் வாசன," என்றாள் தேசம்மா.

மறுநாள் காலை எட்டு மணிக்கே இருவரும் அபிராமபுரம் போய்விட்டார்கள். சகினா, தேசம்மாவின் இருபது வருஷத்து வாடிக்கை. வீட்டுக்காரருக்குப் பாரிமுனையில் தோல் வியாபாரம். தனி வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் சப்போட்டா. டயானா மரத்தடிக்கு ஓடாத குறையாகப் போய்க் குனிந்து பார்த்தாள். புடைத்த ஒட்டு இருந்தது. அதற்குக் கீழே வெட்டுக்காயம் மட்டும் இருந்தது.

"அந்தக் காட்டுக் கொப்பா? சுவத்துக்கு பெயின்ட் அடிக்க ஆள் வந்தாங்கோ," என்றாள் சகினா. "பிரஷ்ல இடிக்குதுன்னு போன வாரம்தான் வெட்டிப் போடச் சொன்னேன். ஏன், வேணுமா? முன்னமே சொல்லியிருக்கக் கூடாதாம்மா."

டயானா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷமும் இரண்டு மாசமும் அந்த வெட்டுக்காயத்தில் முடிந்ததென்று அவளுக்குத் தோன்றியது.

தேசம்மாவுக்கு உட்காரத் தெரியாது. நேராகக் கொல்லை மூலைக்குப் போனாள். அங்கே காய்ந்த தென்னை மட்டையும் பெயின்ட் டப்பாவும் குவிந்திருந்தன. மட்டைகளை இழுத்து எறிந்து, அடியிலிருந்து ஒரு கொப்பை உருவி எடுத்துக்கொண்டு வந்தாள். வாடிக் காய்ந்திருந்தது. ஆனால் இலை உதிரவில்லை.

"இதுவா பாரு."

டயானா பார்த்தாள். ஒவ்வோர் இலையின் நுனியும் கடித்துத் துப்பினதுபோல் பிளந்திருந்தது. சகினா வீட்டுச் சுவர் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெள்ளை. அந்தச் சுவர் முன்னால் நின்றுகொண்டு டயானா சிறு பிள்ளைபோல் குதித்தாள். சகினா பயந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குதித்து முடித்ததும் கங்காதரன் ஞாபகம் வந்தது. ஒரு மரம் போதாது. யாரோ மரக்காணத்திலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வார்த்தையில் ஊதித் தள்ளிவிடுவார். பத்து மரமாவது வேண்டும். அதுவும் வீட்டுக் கொல்லைகளில். "யாரும்மா என்னை உள்ள விடுவாங்க? ஐ.டி. கார்டைக் காட்டினாக்கூட கேட்லயே நிறுத்திடுவாங்க."

"உன்ன உடமாட்டாங்க," என்றாள் தேசம்மா. "என்ன உடுவாங்க. எழுந்திரு. இந்தத் தெருவுல மட்டும் நாலு சப்போட்டா கீது."

அதற்கப்புறம் நடந்ததை டயானா சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். ஒன்பது நாள், தினமும் காலையில், தேசம்மா கூடையோடு முன்னால் நடந்தாள். டயானா தோள்பையில் கத்தரியும், ரங்கநாதன் தெருவில் வாங்கின அழுத்தி மூடும் பைகளும், பழைய பேப்பரும் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர், அங்கிருந்து ராஜா அண்ணாமலைபுரம், பாலம் தாண்டிக் காந்தி நகர். "வஞ்சிரம், சங்கரா" என்று குரல் கொடுத்தால் கதவு திறந்தது. மீனைக் கழுவ உட்கார வேண்டியது எப்போதும் கொல்லையில், மரத்தடியில். முப்பது வருஷமாக எத்தனை சப்போட்டா நிழலில் உட்கார்ந்திருக்கிறாளோ, அத்தனையும் தேசம்மாவின் தலைக்குள் வரிசையாக இருந்தன. வாடிக்கையில்லாத வீட்டிலும் அவள் தயங்கவில்லை. "எம் பொண்ணு டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது, உங்க ஊட்டு மரத்து வேர்க்கொப்பு வோணுமாம்" என்று தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னாள். டயானாவுக்கு முதல் நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து கேட்கக் கேட்க இனித்தது.

கொப்பை வெட்டுகிற வேலையையும் தேசம்மாவே எடுத்துக்கொண்டாள். டயானா மண்ணில் முட்டி போட்டுக் கத்தரியை நுழைக்க வழி பார்ப்பதற்குள், அவள் மீன் கத்தியால் ஒரே இழுப்பில் கொப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் மட்டும் சிக்கல். ராமானுஜம் என்ற ரிட்டயர்டு எஞ்சினியர் வீடு, மீன் வாசமே அண்டாத வீடு. தேசம்மா கூடையைத் தெருமுனைப் பூக்காரியிடம் விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனாள். வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்புவார் என்று டயானா எதிர்பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார்.

"எங்காத்துச் சப்போட்டாவுக்கு எழுபது வயசாறது. வருஷம் தவறாம கீழேர்ந்து வந்துண்டே இருக்கு, நானும் வெட்டிண்டே இருக்கேன். அப்பா சொல்வார், அந்தக் காலத்துல இங்க ஒட்டுக் கட்டிக் குடுத்த தோட்டக்காரன் அடையாறு முகத்துவாரத்து மணல்ல பாலை விதை பொறுக்கிண்டு வருவானாம். வெட்டிக்கோங்கோ. இனிமே ஒண்ணையும் வெட்டமாட்டேன், போறுமா?"

ஒன்பது நாளில் நாற்பத்தொரு சப்போட்டா மரம் பார்த்தார்கள். வேரடியில் கொப்பு விட்டிருந்தவை, சகினா வீட்டு மரத்தையும் சேர்த்து, பதினாலு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சிக் கிளை. இந்த முறை டயானா ஒன்றையும் விடவில்லை. பதினாலு பையும் முழு வாசிப்புக்குப் போயின. பிறகு காத்திருப்பு. அந்த ஐந்து வாரத்தில் அவள் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றதில்லை.

முடிவு வந்த காலையில் முத்துலட்சுமி மேடமும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். திரையில் கிளைப்படம் ஒவ்வொரு கோடாக விழுந்தது. பதினாலில் மூன்று, ஊர்ப் பாலைப் பக்கம் போய் நின்றன. மீதி பதினொன்றும் மணல்மேட்டுப் பக்கம். நடுவில் ஒன்றுகூட இல்லை. அதோடு, பதினொன்றும் மரக்காணத்து மரங்களோடு கலக்காமல், அதே பக்கத்தில் தனிக் கிளையாகப் பிரிந்து நின்றன. அக்காள் தங்கைபோல் இரண்டு கிளை, ஒன்று மரக்காணம், ஒன்று சென்னை.

முத்துலட்சுமி மேடம் பொதுவாகச் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப்பார்த்தது.

இரண்டாவது கூட்டம் கீழ்த்தளத்தில், தாவரத் தாள்கள் இருக்கும் அலமாரி அறையில் நடந்தது. சாட்சிகளைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கங்காதரன் கேட்டிருந்தார். நீள மேசையில் பதினாலு தாள்கள். ஓரத்தில் சர்ஜனின் சாந்தோம் தாள். கங்காதரன் உட்காரவே இல்லை. லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகக் குனிந்து பார்த்தார்.

"எஸ் ஒண்ணு?"

"ஒட்டுக்குக் கீழேர்ந்து வந்த வேர்க்கொப்பு, சார். அதே மரத்துக் கிளை இது. ரெண்டு தடவை படிச்சோம். பை மாறல."

"சரி. கன்னுகள் நர்சரியிலேர்ந்து வந்திருக்கும். நர்சரிக்காரன் மரக்காணத்து மேட்டுலயே விதை எடுத்திருந்தா?"

"அப்படின்னா இந்தப் பதினொண்ணும் மரக்காணத்து மரங்களுக்குள்ள கலந்து நின்னிருக்கணும் சார். தனியா நிக்குது. ஒரே தாய்மரத்து விதையும் இல்ல, பதினொண்ணும் ஒண்ணுக்கொண்ணு வேற. இங்க ஒரு தோப்பே இருந்திருக்கணும்."

"ஊர்ப் பாலையோட கலப்பு?"

"சுழியம், சார். மரக்காணத்துலயும் இல்ல, இங்கயும் இல்ல."

அவர் இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். டயானா எதற்கும் முத்துலட்சுமி மேடம் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் லென்ஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"ரெண்டு இனம்தான்," என்றார். "நான் தப்பா நெனச்சேன். பேர் வைக்கிற வேலையை ஆரம்பிங்க."

கையெழுத்துக்காரர் கைதட்டினார். டயானா சர்ஜனின் சாந்தோம் தாளைப் பார்த்துச் சிரித்தாள். கங்காதரன் கிளம்பவில்லை. முதல் தாளின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சேகரித்தவர்னு உங்க பேர் போட்டிருக்கு. இந்தக் கொப்பை எடுத்தது நீங்களா?"

"குப்பையிலேர்ந்து உருவினது அம்மா சார்."

"மத்தது?"

"அம்மாதான் வெட்டினாங்க. மீன் கத்தியால."

"அப்படின்னா இந்தச் சீட்டு தப்பு. கை யாருதோ பேர் அவங்களுது. விதி அதுதான், எனக்காக நான் மாத்தமாட்டேன், உங்களுக்காகவும் மாத்தமுடியாது. சீட்டை மாத்திட்டுச் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

பதினாலு சீட்டையும் அன்று மத்தியானமே மாற்றினாள். இந்தத் துறையில் ஒருவர் சேகரித்ததை அவர் பேரும் எண்ணும் சேர்த்தே சொல்வார்கள். நாளை உலகத்தில் எந்த மூலையில் எவர் இந்த மரத்தைப்பற்றி எழுதினாலும், சென்னை மரத்துக்கு ஆதாரம் காட்டும்போது "தேசம்மா 1" என்றுதான் எழுதியாகவேண்டும்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் தேசம்மாவை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தேசம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். தாளை மேசையில் வைத்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். சேகரித்தவர், தேசம்மா. எண், ஒன்று. இரண்டாவது தாளைக் காட்டச் சொன்னாள். அதிலும் அவள் பேர். பதினாலு தாளையும் விடாமல் வாசித்தாள். வாசித்து முடிக்கும்போது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"இது எத்தினி வருசம் இருக்கும்?"

"அந்த சர்ஜன் தாள் நூத்தம்பது வருஷம் இருக்கும்மா. இதைப் பூச்சி அரிக்காம நல்லா பாத்துக்கிட்டா முன்னூறு, நானூறு."

தேசம்மா முதல் தாளின் சீட்டை இன்னொரு தடவை வாசித்தாள்.

"மீன்காரின்னு போடல?"

"அது வேணாம்மா. பேர் போதும்."

"இன்னா வேணாம்? முன்னூறு வருசத்துல எத்தினி தேசம்மா பொறப்பாளுங்கோ. எந்தத் தேசம்மான்னு எவனுக்குத் தெரியும்? நான் மீன் விக்கலன்னா எந்த ஊட்டுக் கொல்லையில என்ன உட்ருப்பாங்க? போடு."

சீட்டின் அடியில் குறிப்புகளுக்கென்று இரண்டு வரி இடம் இருந்தது. டயானா அழியாத மைப் பேனாவை எடுத்து எழுதினாள். மீன் விற்பவர், அபிராமபுரம். தேசம்மா அடுத்த தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.